ஈய மூக்கு

அப்பா போய்ப் பதினாறு வருடமாகிறது. ஆனால் சாயங்காலம் ஆறரை மணி இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை.

அது தினமும் வருகிறது. ஏலக்கூடத்தில் யாரோ செத்துப்போனவரின் மேசைக் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன், அல்லது பேருந்தில் ஜன்னலோரம் தூங்கி வழிந்துகொண்டிருப்பேன். எங்கிருந்தாலும் ஆறரைக்கு என் கை நின்றுவிடும். காது மட்டும் விரியும். டக். டக். டக். ஆறு முறை. ஆறாவது முடிந்ததும் மூச்சை விட்டு, விட்ட வேலையைத் தொடர்வேன். என் மனைவி இதற்கு 'உங்க வீட்டு ஆறரை' என்று பெயர் வைத்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் பயந்தாள். இப்போதெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் குப்பையைக் கொட்டிவிட்டு வரச் சொல்கிறாள். மறுத்துப் பேச எனக்கு வாய் வராது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

என் அக்காவுக்கும் இது உண்டு, வேறு விதத்தில். அவள் வீட்டில் அமுக்கினால் சத்தம் போடும் பேனா கிடையாது. அவள் பிள்ளைகள் மூடி போட்ட பேனாவிலேயே எழுதிப் பட்டம் வாங்கினார்கள். அவள் கணவர், என் மாமா, சிகரெட்டை விட்டதற்கு மருத்துவர் காரணமில்லை; லைட்டரின் சத்தத்தை அக்கா தாங்கமாட்டாள் என்பதுதான் காரணம்.

அப்பா ஒரு சுரங்கக் கம்பெனியில் சம்பள வண்டிக்குக் காவலாகப் போனவர். இடுப்பில் கம்பெனி கொடுத்த ரிவால்வர், அப்போதே பழசு. ஒரு நாள் சாயங்காலம் மலை வளைவில் வண்டியை மறித்தார்கள். அப்பா ரிவால்வரை எடுத்தார், நீட்டினார், விசையை அழுத்தவில்லை. ஏன் அழுத்தவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. வண்டி ஓட்டியவர் செத்துப்போனார். பதினொரு வருடம் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹாரன் மாதிரியே கத்துவார். கம்பெனி அப்பாவுக்கு ஓய்வு கொடுத்தது. கூடவே, யார் மூளையில் உதித்ததோ, அந்த ரிவால்வரையே பரிசாகவும் கொடுத்தது, வீரத்தைப் பாராட்டி ஒரு கடிதத்தோடு. சில பரிசுகளைப் பார்த்தால் கொடுத்தவர் மேல் வழக்குப் போடலாமா என்று தோன்றும்.

அதற்குப் பிறகுதான் ஆறரை. வண்டியை மறித்த நேரம் அது. அப்பா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அன்றைக்கு அழுத்தாத விசையை ஆறு முறை அழுத்துவார். வெறும் ரிவால்வர், வெறும் சத்தம். பிறகு வெளியே வந்து, பேப்பரில் அரைகுறையாக விட்ட குறுக்கெழுத்தைத் தொடர்வார்.

முன்னறையில் அம்மாவின் பட்டறை. அம்மா டைப்ரைட்டர் ரிப்பேர் செய்தவள். ஊரில் உள்ள அலுவலகங்களின் மிஷின்களெல்லாம் எங்கள் வீட்டு மேசையில்தான் வயிற்றைத் திறந்து படுத்துக் கிடக்கும். மிஷினில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கம்பியின் நுனியில் ஈயம் வைத்துப் பற்றவைத்த சின்ன உலோகத் துண்டு. அது தேயும், கோணும், உதிரும். பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைப்பதுதான் அம்மாவின் கைவேலை. அக்காவும் நானும் பிரஷ்ஷால் எழுத்துகளின் அழுக்கை எடுத்துக் கொடுப்போம். பின்னறையில் டக் டக் என்று கேட்கும். அம்மா ஒரு நாளும் தலை நிமிர்ந்ததில்லை.

அதைத்தான் அக்கா மன்னிக்கவில்லை. அவளுக்குப் பதினான்கு வயதில், ஒரு ஆறரைக்குக் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். ரிவால்வர் எதிர்ச் சுவரைப் பார்க்கவில்லை. அப்பாவின் நெற்றிப்பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா முன்னறைக்கு ஓடி வந்து, வார்த்தை வராமல் அழுதுகொண்டே சொன்னாள். அம்மா குனிந்த தலை நிமிராமல், "அந்த பிரஷ்ஷை எடுத்துக் குடு" என்றாள்.

நாற்பது வருடம் கழித்தும் அக்கா அந்த ஒரு வாக்கியத்தோடுதான் அம்மாவைப் பார்க்க வருவாள். ஒரு மணி நேரம் நாற்காலியின் விளிம்பில் உட்கார்வாள். போய்விடுவாள்.

இப்போது அம்மா இருக்கும் வீட்டை இடிக்கப்போகிறார்கள். வீட்டுக்காரர் மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தார். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. நான் இருப்பது நான்காவது மாடி, மின்தூக்கி இல்லாத கட்டடம். என்னை ஏற்றுவதற்கே என் மனைவி பாதி வழியில் நின்று கைதட்டி உற்சாகப்படுத்த வேண்டியிருக்கிறது. அக்காவின் வீட்டில் தரையோடு ஒரு அறை இருக்கிறது, தையல் மிஷினும் பழைய பெட்டிகளும் போட்டு வைத்திருக்கும் அறை. மாமா சரி என்றுவிட்டார். அக்காதான் ஃபோனில் சொன்னாள்:

"நல்ல முதியோர் இல்லமா பாரு. செலவு என்னோடது. ஆனா என் வீட்டுல அவளோட உக்காந்து சாப்பிட என்னால ஆகாதுடா. தட்டைப் பார்த்தா பிரஷ் ஞாபகம் வரும்."

நான் இல்லங்களைப் பார்க்கப் போனேன். நாலு பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. எல்லாவற்றிலும் ஜன்னலோரம் வரிசையாக உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருந்தார்கள்.

வீட்டைக் காலி செய்யும்போதுதான் அந்தத் தகரப் பெட்டி கிடைத்தது. அம்மாவின் கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக. ரிவால்வர், ஆறு தோட்டாக்கள், கம்பெனிக் கடிதம், உரிமத் தாள்கள். அப்பா போனதும் உரிமத்தை அம்மா தன் பெயருக்கு மாற்றி வருடா வருடம் புதுப்பித்திருந்தாள். காவல் நிலையத்தில் வரிசையில் நின்று புதுப்பித்திருக்கிறாள், முழங்கால் வலியோடு. எங்களுக்குத் தெரியாது. கேட்டதற்கு, "தாள் செல்லுபடியா இருக்கணும்ல" என்று மட்டும் சொன்னாள். வித்துக்கோ என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்தாள்.

பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. என் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. நான் மதிப்பீட்டாளன், ஏலக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய்ச் சாமான்களைப் பார்த்து விலை எழுதுகிறவன். அப்பா இறந்த வாரம், அழத் தெரியாமல், வீட்டிலிருந்த எல்லாச் சாமானுக்கும் சீட்டு எழுதினேன். நாற்காலிக்கு, குடைக்கு, அப்பாவின் செருப்புக்குக்கூட. ரிவால்வருக்கு எழுதியது இது: 'நன்கு பராமரிக்கப்பட்டது. குதிரையின் நுனி மட்டமான வேலை. மதிப்புக் குறைவு.'

ரிவால்வரின் பின்னால் விசையை இழுத்தால் எழும்பி அடிக்கும் பகுதியைக் குதிரை என்பார்கள். அதன் மூக்கு போன்ற முனைதான் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைப்பது. அந்த மூக்கில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே பார்த்திருக்கிறேன். என் மூக்கில் கண்ணாடி இருந்தது. கண்தான் இல்லை.

அரைக்கண் என்று நாங்கள் கூப்பிடும் பழைய ஆயுத வியாபாரியிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் ஒரு கண்ணில் எப்போதும் பூதக்கண்ணாடியைச் செருகியே வைத்திருப்பார். சாப்பிடும்போதும் இருக்கும் என்பார்கள். அவர் கடை ஒரு நீண்ட குறுகிய அறை. சுவரெல்லாம் வாளும் உறையும். ஒரே ஒரு விளக்கு, மேசையோடு வளைந்து தாழ்ந்தது.

அவர் ரிவால்வரைத் திறந்து பார்த்தார், எண்களைப் படித்தார், கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் பசி தெரிந்தது. பிறகு குதிரையைப் பார்த்தார். பசி போய்விட்டது.

"தம்பி, நீங்க மேசை நாற்காலிக்காரர், அதனால பொறுமையா சொல்றேன். உடம்பு அருமையான உடம்பு. எண்ணெல்லாம் ஒத்துப் போகுது, கடிதம் வேற. ஆனா இந்தக் குதிரையோட மூக்கை எவனோ அரத்தால ராவி எடுத்துட்டு, ஈயத்துல புதுசா வச்சிருக்கான். பெயின்ட் அடிச்ச மாதிரி கறுப்பு வேற ஏத்தியிருக்கான். கண்ணுக்கு மூக்கு மாதிரியே இருக்கும். ஆனா ஈயத்தால ஆணி அடிக்க முடியுமா? தோட்டாவுல போய் இடிச்சா நசுங்கும், அவ்வளவுதான்."

சுடவே சுடாதா என்று கேட்டேன்.

"சுட்டுப் பார்த்திருக்கான்" என்றார் அரைக்கண். ஆறு தோட்டாக்களையும் மேசையில் கவிழ்த்து நிறுத்தினார். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் நடுவில் ஒரு சின்ன வட்டம். இரண்டில் வட்டம் பளிச்சென்று இருந்தது. நான்கில் ஒரு சாம்பல் தீற்றல், பென்சில் முனையை வைத்துத் தேய்த்த மாதிரி. "நாலு தடவை. நாலு தடவையும் நசுங்கியிருக்கு. நாலு தடவையும் மறுபடி ஈயம் வச்சிருக்கான். இங்க பாருங்க, மரத்துல வளையம் மாதிரி அடுக்கு தெரியுது. அடியில ஒண்ணு, மேல நாலு. நான் ஐம்பது வருசமா முட்டாளுங்களைப் பார்க்கிறேன். ஒரே தப்பை அஞ்சு தடவை இவ்வளவு நேர்த்தியா பண்ணின முட்டாளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்த ஒரு கண் வெளிச்சத்துக்குப் பழகாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தேன். அடுக்குகள் தெரிந்தன. மேல் அடுக்கின் ஓரத்தில் ஒரு சின்ன வால் இருந்தது, இடமிருந்து வலமாக வழிந்து, கமா போல நின்ற வால்.

அந்த வாலை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷால் அதன்மேல் அழுக்கை எடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். ஈயம் சூடாக இருக்கும்போதே நனைத்த தோல் துண்டால் ஒரே இழுப்பில் துடைப்பாள். அவசரமாகச் செய்தால் கடைசியில் ஒரு வால் நிற்கும். ஊரிலுள்ள அத்தனை அலுவலகக் கடிதங்களுக்குப் பின்னாலும், யார் கண்ணிலும் படாமல், அந்த வால் இருந்தது. ஊரான் வீட்டு அலமாரிக்கு எந்தத் தச்சன் கை என்று மோந்து பார்த்தே சொல்கிறவன் நான். பெற்றவளின் கையைப் பார்த்து 'மட்டமான வேலை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பிறகுதான் மற்றது புரிந்தது.

முட்டாள் ஒருவன் இல்லை. இரண்டு பேர். ஒருவர் சுட்டார். இன்னொருவர் ஈயம் வைத்தார்.

சில நாட்களில் ஆறு சத்தம் வராது. ஒரே ஒரு சத்தம் வரும், மந்தமாக, துணியில் சுற்றிய கல்லைத் தரையில் போட்ட மாதிரி. பிறகு ஒன்றும் இருக்காது. வெகு நேரம் கழித்து அப்பா கதவைத் திறப்பார். நாங்கள் அந்த நாட்களுக்கு 'ஒத்தைச் சத்த நாள்' என்று பெயர் வைத்திருந்தோம், விளையாட்டுப் போல. எண்ணியதில்லை. இப்போது எண்ணிக்கை மேசைமேல் கவிழ்ந்து நின்றது. நான்கு.

அரைக்கண் வியாபாரத்துக்கு வந்தார். இப்படியே என்றால் பழைய இரும்பு விலை. ஆனால் அவரிடம் இதே வகை ரிவால்வரின் நல்ல குதிரை ஒன்று இருக்கிறது. மாற்றிவிட்டால் யாராவது பெரிய மனிதரின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். அதனால் ஒரு நடுத்தர விலை சொன்னார்; இரண்டு நல்ல கோட்டுத் தைக்கலாம். "இந்தக் கழிசடையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா மீதியெல்லாம் தங்கம்" என்றார்.

"மீதியை நீங்களே எடுத்துக்குங்க" என்றேன். "அந்தக் கழிசடையை மட்டும் எனக்குக் கழட்டிக் குடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டை வித்துட்டுக் கொம்பை மடியில கட்டிக்கிட்டுப் போற கதையா இருக்கே."

"ஆமா. கொம்புதான் வேணும்."

நான் விலை பேசாதது அவரை மிகவும் பாதித்துவிட்டது. இருபது வருடப் பழக்கத்தில் ஒரு நாளும் சொன்ன விலைக்கு நான் தலையாட்டியதில்லை. குதிரையைக் கழற்றிய பிறகு மறுபடி கண்ணாடியைச் செருகிக்கொண்டு, உள்ளே தங்கம் ஏதும் இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் மனசில்லாமல் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இரவல் கேட்டதும் அந்தக் கண்ணாடியையும் கொடுத்தார், நாளைக்கே திரும்ப வேண்டும் என்ற சத்தியத்தோடு.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மதியம் மூன்று மணி. மாமா வானொலிக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். காது மந்தம் என்பதால் வானொலி தெருவுக்கே செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் விளக்கவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்ற பயம். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்து, கண்ணாடியைக் கொடுத்து, பார் என்றேன்.

"என்னடா இது, இரும்புத் துண்டு? உன் ஏலக்கூடத்துக் குப்பையெல்லாம் என் மேசையில..." என்று ஆரம்பித்தவள், கண்ணாடியை வைத்துக் குனிந்தாள். பேச்சு நின்றது. துண்டை விளக்குப் பக்கம் நகர்த்தினாள். விரலால் நுனியைத் தடவினாள்.

"இது அம்மா வால்" என்றாள்.

"ஆமாக்கா."

"எதோடது இது?"

சொன்னேன். ஐந்து அடுக்கு, நான்கு தோட்டா, நசுங்கிய ஈயம். அரைக்கண் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடித்த துணி ஒன்றைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒத்தைச் சத்த நாளு" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"மறுநாள் காலையில பட்டறையில ஈயம் வைக்கிற திராவக நெடி அடிக்கும். மிஷின் ஒண்ணும் இருக்காது மேசையில. ஆனா நெடி அடிக்கும். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காரறவ மூக்கைப் பொத்துவா. நான் அம்மா ராத்திரியில யாருக்கோ அவசர வேலை பார்த்திருக்கான்னு நினைச்சுக்குவேன்." கையிலிருந்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள். "அவசர வேலைதான்."

அவள் அழவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அது சரியாக வராது. நான் செருப்புக்குச் சீட்டு எழுதிய பரம்பரை. எழுந்து போய் மாமாவின் தோளை உலுக்கினாள். "கார் சாவி எங்க?" என்று கேட்டாள். மாமா, "செய்தி முடியட்டும்" என்றார், தூக்கத்திலேயே.

அம்மாவின் வீட்டுக்குப் போகும்போது ஆறு மணி. சாமான்கள் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. காலியான அறைகள் எங்கள் காலடியைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. பின்னறையின் கதவு சாத்தியிருந்தது. பதினாறு வருடமாக அது யாருடைய அறையும் இல்லை. ஆனாலும் அம்மா சாயங்காலத்தில் அதைச் சாத்திவிடுவாள். முன்னறையில் பட்டறை மேசையும் ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் மட்டும் மிச்சம். அம்மா அங்கே உட்கார்ந்து, யாருக்கும் வேண்டாத ஒரு மிஷினின் எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அருகில் அவள் சாமான் பெட்டி, மூடாமல்.

அக்காவைப் பார்த்ததும் அம்மாவின் பார்வை வாசலுக்குப் போனது, வேறு யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று. இன்றைக்கு அக்கா வரும் நாள் இல்லை. நான் குதிரையை மேசையில் வைத்தேன்.

அம்மா அதைத் தொடவில்லை. தன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம், தப்புச் செய்த பிள்ளைகள் மாதிரி.

"வால் விட்டிருக்கேன்" என்றாள். "சே. யாரும் பார்க்கமாட்டாங்கன்னா கை இப்படித்தான் போகும்."

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள் அக்கா.

"யார்கிட்ட? உங்ககிட்டயா? உங்க மூஞ்சியில தெரிஞ்சிடும். உங்க மூஞ்சியில தெரிஞ்சா அவருக்குத் தெரிஞ்சிடும்."

அதைப் பிடுங்கி எங்கேயாவது எறிந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். மதிப்பீட்டாளன் அல்லவா, எப்போதும் காரியம் முடிந்த பிறகு அறிவு சொல்வேன்.

"எறிஞ்சா ரயிலைத் தேடிப் போவார்" என்றாள் அம்மா. "ரயிலுக்கு நான் எங்கேருந்து ஈயம் வைக்கிறது?"

பிறகு அவளாகவே சொன்னாள், துண்டு துண்டாக, மிஷினைத் துடைத்துக்கொண்டே. ரிவால்வர் வீட்டுக்கு வந்த முதல் வாரமே மூக்கை ராவிவிட்டாளாம். வெறும் சத்தத்துக்கும் தோட்டா இருக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் அவள் காதுக்குத் தெரியும். மிஷினில் எந்த எழுத்துத் தளர்ந்திருக்கிறது என்று தட்டும் சத்தத்திலேயே சொல்கிறவள். ஒற்றைச் சத்தம் வந்த ராத்திரிகளில் அப்பா தூங்கும்வரை காத்திருந்து, விடிவதற்குள் நசுங்கியதைச் சரிசெய்து, கறுப்பு ஏற்றி, பெட்டியில் வைத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும், இந்த முறை ஈயம் தாங்குமா என்று தெரியாது. நான்கு முறை தாங்கியது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

அம்மா யோசித்தாள். "நாலாவது தடவை வெளியில வந்தவர், குறுக்கெழுத்துக்குப் போகல. இங்க வந்து உக்காந்தார். நான் பார்த்துக்கிட்டிருந்த மிஷினைக் காட்டி, 'அந்த எழுத்து கோணலா நிக்குது பாரு'ன்னார். கோணல்தான். மூணு நாளா என் கண்ணுல படல. அவர் கண்ணுல பட்டுச்சு." தோல் துண்டை மடித்து வைத்தாள். "அதுக்கப்புறம் வெறும் சத்தம்தான், கடைசிவரைக்கும். வெறும் சத்தத்தோட குடித்தனம் நடத்தலாம்."

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அக்கா வேறு நாற்காலி இல்லாததால் சாமான் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது, கேட்காவிட்டால் எல்லாம் வீண் என்றும் தோன்றியது.

"நான் அழுதுக்கிட்டு வந்தேனே அன்னிக்கு. நீ பிரஷ்ஷை எடுத்துக் குடுன்ன."

"ம்."

"நிமிர்ந்துகூடப் பார்க்கல."

"காது குடுத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணு கேட்டாச்சு, ரெண்டாவது சத்தம் வந்தாத்தான் அது வெறும் சத்தம். நிமிர்ந்தா காது தப்பிடும்." அம்மா இப்போது நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். "உன் கை அப்படி நடுங்கிச்சு. நடுங்கற கையில எதையாவது குடுக்கணும். என் கைக்கு ஈயம் பத்தவைக்கிற இரும்பு இருந்துச்சு. உனக்கு அந்த பிரஷ்தான் பக்கத்துல இருந்துச்சு."

அப்போது அம்மாவின் கை நின்றுவிட்டது. என் கையும் நின்றுவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். அவளும் அசையாமல் இருந்தாள், மூச்சைப் பிடித்தபடி.

சாத்திய கதவின் பக்கம் மூன்று பேரும் காது கொடுத்தோம்.

சத்தம் வந்ததா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? அந்த ரிவால்வர் குதிரையில்லாமல் ஊரின் மறுமுனையில் அரைக்கண்ணின் இழுப்பறையில் கிடந்தது. குதிரை எங்கள் முன்னால் மேசையில் கிடந்தது. அறை காலி. இருந்தும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அம்மாவின் உதடு அசைந்தது. என் உதடும் அசைந்தது. ஒன்றோடு நின்றுவிடக்கூடாதே என்ற அந்தப் பயம், இத்தனை நாள் அது பயம் என்றுகூட எனக்குத் தெரியாது. நான்கு. ஐந்து. அங்கே கொஞ்சம் நீண்ட இடைவெளி வரும். அப்பா எப்போதும் ஐந்தாவதுக்குப் பிறகு தயங்குவார். ஆறு.

"சரி" என்றாள் அம்மா, மிக மெல்ல.

அந்தச் 'சரி'யை நான் அதுவரை கேட்டதில்லை. அவள் தினமும் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆறாவது சத்தத்தோடு காதை மூடிக்கொண்டுவிடுவேன்.

அக்காவின் கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். குனிய முடியாமல் குனிந்து பெட்டிக்குள் துழாவி, மயிர் பாதி உதிர்ந்த பிரஷ் ஒன்றை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ரூம்ல தையல் மிஷின் இருக்கு" என்றாள் அக்கா. "தள்ளிப் போடணும். இன்னிக்கு ராத்திரி கூடத்துல படுத்துக்க."

"இந்த மேசை?"

"மேசையும்தான். தம்பி தூக்குவான்."

தம்பி தூக்கினான். நான்கு மாடி ஏறுவதற்குக் கைதட்டல் தேவைப்படும் அதே தம்பி, தனியாக, வாசல்வரை. அதற்கு மேல் மாமாவின் காரில் அது ஏறாது என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தான், நாளைக்கு வண்டி கொண்டுவருவதாகச் சத்தியம் செய்து. போகும்போது அம்மா பின்னறைக் கதவைத் திறந்து விட்டாள். உள்ளே பார்க்கவில்லை. திறந்து மட்டும் விட்டாள்.

அக்கா ஓட்டினாள். பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை; கியர் மாற்றும்போதெல்லாம் அது அம்மாவின் முட்டியில் இடித்தது. பின்சீட்டில் நான், மடியில் அந்த வேண்டாத மிஷின். குதிரை அம்மாவின் மூடிய கைக்குள் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டாள், "உங்க வீட்டுல ஆறரைக்கு அமைதியா இருக்குமா?"

"எங்க? உன் மாப்பிள்ளை அப்பதான் செய்தி வைப்பார். காது கேக்காதுல்ல, ஊருக்கே கேக்கும்."

"தினமுமா?"

"தினமும்."

அம்மா சாய்ந்து உட்கார்ந்தாள். "வைக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சத்தத்துல எனக்கு அந்த ஆறும் கேக்குமான்னு தெரியல" என்றாள்.

அக்கா பிரஷ்ஷோடு கியரை மாற்றினாள். பிறகு சொன்னாள், "கேக்கலேன்னா நான் எண்ணிச் சொல்றேன்."